ஸ்மாஷ் அல்டிமேட்டின் பிரானா பிளாண்ட்: 4.99 டாலருக்குத் தகுமா?

1985 முதல் மாரியோவின் குழாய்க்குள் உட்கார்ந்து வருவோர் போவோரைக் கடித்துக்கொண்டிருந்த செடி இது. 1993-இல் கேம் பாயில் வந்த செல்டா விளையாட்டான ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’கிலும் மாரியோவின் இன்னொரு எதிரிகளான கூம்பாக்களோடு வந்து போனது. அங்கேயும் நாயகன் லிங்கின் வாளில் வெட்டுப்படத்தான் வந்தது. 2019 ஜனவரி இறுதியில், பல விளையாட்டுகளின் கதாபாத்திரங்கள் மோதி ஒருவரையொருவர் மேடைக்கு வெளியே பறக்கவிடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் சண்டை விளையாட்டான ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’டில் தொட்டியோடு களமிறங்கிய பிறகுதான் அதே லிங்கைத் திருப்பி அடிக்க முடிந்தது.

முதலில் வாங்கும் விஷயம். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பழைய கார்ட்ரிட்ஜ் தேடுபவர்கள் கவனிக்க: செடி கார்ட்ரிட்ஜுக்குள் கிடையாது, வாங்கியவரின் நிண்டெண்டோ கணக்கோடு தங்கிவிடும். “எல்லா கேரக்டரும் இருக்கு சார்” என்று விற்பவர் காட்டினால், அது அவருடைய கன்சோலில் இருப்பது. கூடுதல் வீரர்களை மொத்தமாகத் தரும் ஃபைட்டர்ஸ் பாஸ் இரண்டையும் வாங்கினாலும் இது சேராது. நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில், அமெரிக்க விலையாகத் தனியாக 4.99 டாலர்.

ஆட்டத்தின் உயிர் பி பட்டனில் வரும் முள்பந்து. ஊதி ஊதித் தலைக்கு மேல் நிறுத்தலாம், ஸ்டிக்கை இடமோ வலமோ தள்ளினால் அந்தப் பக்கம் பறக்கும். புதிதாக எடுப்பவர்கள் வந்தவுடனே வீசிவிடுகிறார்கள். எதிராளி சுலபமாக ஒதுங்கிவிடுவார். அவர் மேலிருந்து இறங்கும்போதோ, மேடை விளிம்பில் தொங்கும்போதோ பந்தை மேலேயே நிறுத்தி வைத்தால்தான் திணறுவார். ஃபாக்ஸ் மாதிரி எறிபொருளைத் திருப்பி அனுப்பும் வீரர் எதிரில் இருந்தால் வீசவே வேண்டாம், பந்து உங்கள் தலைக்கே திரும்பும்.

பக்க ஸ்பெஷல் (ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளி பி) விஷப்புகை. பட்டனைப் பிடித்து முழுதாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, விளிம்பில் விடுவது நல்லது. சேதம் ஏறும், ஆனால் புகை யாரையும் தடுக்காது. உள்ளே இருப்பவர் அப்படியே வந்து அடிப்பார், எனவே பின்னாலேயே ஒரு அடி தயாராக இருக்க வேண்டும்.

கீழ் ஸ்பெஷலில் தண்டு நீண்டு கடிக்கும். லேசான அடி அதை நிறுத்தாது, கையால் பிடித்துத் தூக்கினால் நிற்கும். தவறவிட்டால் தண்டு உள்ளே திரும்பும்வரை நீங்கள் அடி வாங்கக் காத்திருக்கும் வெறும் பலகை. இலையைச் சுழற்றி எழும் மேல் ஸ்பெஷல் உயரம் போகும், வேகம்தான் இல்லை. விளிம்பில் காத்திருப்பவருக்கு லட்டு. அதிகம் பேர் பயன்படுத்தாத ஒன்று குனிவது: தொட்டிக்குள் ஒடுங்கிக்கொள்வதால் பல எறிபொருட்கள் மேலே போய்விடும்.

உச்ச அடியான ஃபைனல் ஸ்மாஷில் 2002-இன் ‘சூப்பர் மாரியோ சன்ஷைன்’ விளையாட்டின் ராட்சதச் செடி பீட்டி பிரானா இரண்டு கூண்டுகளோடு வரும். பார்க்க அமர்க்களம்.

கனமான உடம்பு என்பதால் சீக்கிரம் வெளியே பறக்காது, ஆனால் ஓட்டம் மந்தம், தொடர் அடியில் மாட்டினால் தப்புவது கஷ்டம். ஓடியாடி அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பணத்தை ஃபைட்டர்ஸ் பாஸ் பக்கம் திருப்பலாம். பொறி வைத்துக் காத்திருப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

இன்னொன்று, ஸ்விட்சுக்கு நிண்டெண்டோ சொல்லும் வெப்ப வரம்பு 5 முதல் 35 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டும்போது, மதியத்தில் டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் டாக்கை (ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி) வைக்காதீர்கள்.