ஸ்பூலர் ஓடாத பழைய கணினி: எந்த வைத்தியம் எப்போது?

பிரின்டரைச் சேர்க்கப் போனால் ‘லோக்கல் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸ் ஓடவில்லை’ என்று வருகிறது. அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரின்டருக்கு அனுப்பும், பின்னணியில் ஓடும் விண்டோஸ் நிரல்தான் ஸ்பூலர். விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். ஸ்பூல் ஃபோல்டரைக் காலி செய், டிரைவரை (பிரின்டரை இயக்கும் மென்பொருளை) பிடுங்கு, ஸ்பூலர் எந்தெந்த சர்வீஸை நம்பியிருக்கிறது என்ற பட்டியலைத் திருத்து என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முதலில் சர்வீசஸ் பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். அது விழுகிற விதத்தை வைத்துத்தான் வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் நின்றுவிட்டால், ஃபோல்டரைக் காலி செய்வதில் தொடங்கலாம். சர்வீஸை ஸ்டாப் செய்துவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்று போங்கள். அங்கே 00012.எஸ்பிஎல், 00012.எஸ்எச்டி என்று ஒரே எண்ணில் ஜோடியாக ஃபைல்கள் கிடக்கும். முதலாவதில் அச்சாக வேண்டிய பக்கம், இரண்டாவதில் அந்த வேலையின் விவரம். ஜோடியில் ஒன்று கெட்டுப்போயிருந்தாலும், ஸ்பூலர் எழுந்திருக்கும்போதெல்லாம் அதையே மறுபடி படித்து விழக்கூடும். உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். 2 நிமிட வேலை. காத்திருந்த பிரின்ட் வேலைகள் போகுமே தவிர வேறு நஷ்டமில்லை.

இதில் ஒரு நாள் ஓடி மறுநாள் மறுபடி நின்றால், சந்தேகம் டிரைவர் மேல்தான். பழைய கணினியில் நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும் என்பது என் கருத்து. எக்ஸ்பியில் பிரின்டர் டிரைவர் ஸ்பூலருக்குள்ளேயே ஓடுகிறது. டிரைவர் விழுந்தால் ஸ்பூலரும் கூடவே விழும். டிரைவரைத் தனி புராசஸில் ஒதுக்கி வைக்கும் வசதி விண்டோஸ் 7-இல்தான் வந்தது. பலர் பிரின்டர் ஐகானை டிலீட் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிரைவர் அப்படியேதான் இருக்கும். பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் வேலை செய்யவே ஸ்பூலர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்! அதனால் ஃபோல்டரைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து, அது மறுபடி விழுவதற்குள் பயன்படாத டிரைவர்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். இரண்டு வைத்தியத்தையும் போட்டியாகப் பார்ப்பதைவிட இப்படி அடுத்தடுத்துச் செய்வது பலன் தரும்.

ஸ்டார்ட் ஆகவே மறுத்து 1068 என்ற எண் வந்தால், மேலே சொன்ன இரண்டிலும் நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்பூலர் நம்பியிருக்கும் வேறொரு சர்வீஸ் ஓடவில்லை என்று அர்த்தம். ஸ்பூலர் ப்ராப்பர்ட்டீஸில் டிபென்டன்சீஸ் பக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்பியில் ரிமோட் ப்ரொசீஜர் கால் மட்டும் இருக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் கூடவே எச்டிடிபி. எப்போதோ நீக்கிய பிரின்டர் மென்பொருளின் சர்வீஸ் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முட்டுக்கட்டை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஸ்பூலருக்கான டிபென்ட்ஆன்சர்வீஸ் பதிவிலிருந்து அந்தப் பெயரை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். தொடுவதற்கு முன் அந்தப் பதிவை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது கட்டாயம்.

விண்டோஸை மறுபடி போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. அத்தனை உழைப்பையும் போடுவதானால், கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் மூலம் அச்சடிக்கும் லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது மேல். அதற்கு முன் உங்கள் பிரின்டர் மாடல், லினக்ஸில் வேலை செய்யும் பிரின்டர்களைச் சொல்லும் ஓப்பன்பிரின்டிங் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.