மலையேறும் கேரவனுக்கு எந்த ஹீட்டர்? ஜெட், ரெகுலேட்டர், டீசல்: ஓர் ஒப்பீடு

கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுகிற கொங்கு நாட்டுக்கு, காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் ஒரு கேரவன் டிரெய்லர் கட்டுவது பெரிய வித்தை அல்ல. அதில் புரொப்பேன் ஹீட்டர் ஒன்றைப் பொருத்துவதும் கடினமில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால்தான் சிக்கல். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். லேயில் மூன்றில் இரண்டு பங்குதான்.

காற்று குறையும்போது கேஸும் அதே அளவு குறைந்தால் தொல்லையே இல்லை. அப்படி நடப்பதில்லை. ஹீட்டரின் ஊதுவிசிறி ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றின் பருமன் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே லேயில் பர்னருக்குள் போகும் காற்றின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் சிறு துளையான ஜெட் வழியே வரும் கேஸோ ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ரெகுலேட்டர் வெளிக்காற்றை ஒப்பிட்டே அழுத்தத்தை நிலைநிறுத்துவதும், ஜெட்டில் பாயும் கேஸின் எடை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதும் இதற்குக் காரணம். ஆக, கேஸ் மிஞ்சுகிறது. சுடர் மஞ்சளாகிறது, கரி படிகிறது, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. ஹீட்டருக்குள்ளேயே இருக்கும் மூடிய எரியறையில் எரிவதால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வெளியே புகைவாயில் விளிம்பைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒட்டும் கரியே சாட்சி.

இதற்குப் பலரும் முதலில் சொல்லும் வைத்தியம் சிறிய ஜெட். கணக்கு எளியது. லே உயரத்துக்குத் துளையின் பரப்பை ஐந்தில் ஒரு பங்கு சுருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துளை 0.9 ஆக வேண்டும். ஊட்டிக்கு 0.93, 0.94 போதும். அதாவது எல்லா வேறுபாடும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. கணபதி, பீளமேட்டு லேத் பட்டறைகளில் இதைவிட நுணுக்கமான வேலை நடப்பதால், ‘நாமே துளை போட்டுக்கொள்ளலாமே’ என்ற எண்ணம் இங்கே எளிதில் வரும். வேண்டாம். துளையின் விட்டம் மட்டுமல்ல, வாயின் சரிவும் உட்புற வழவழப்பும் கேஸின் பாய்ச்சலைத் தீர்மானிக்கின்றன. ஹீட்டர் செய்த நிறுவனம் உயரத்துக்கு ஏற்ற ஜெட் விற்றால் அதை வாங்குங்கள். விற்காவிட்டால் அந்த ஹீட்டரோடு உயரம் போகாதீர்கள். அடைப்பு எடுக்கிறேன் என்று ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைகிறவர்கள் தனி ரகம். துளை பெரிதானால் மலையில் கேஸ் இன்னும் மிஞ்சும்.

ஜெட் மாற்றுவதில் எனக்கு இருக்கும் பெரிய மறுப்பு வேறு. மலையிலேயே நிற்கும் வீட்டுக்கு அது நிரந்தரத் தீர்வு. நம் வண்டியோ காலையில் சமவெளி, மதியம் குன்னூர், அடுத்த நாள் மீண்டும் சமவெளி என்று ஓடுவது. சிறிய ஜெட்டோடு கீழே இறங்கினால் கேஸ் போதாமல் சூடு குறையும். சில பர்னர்களில் சுடர் எழும்பி அணைந்தும்போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் கேஸ் இணைப்பைக் கழற்றிப் பூட்டி, கசிவு சோதித்து, மறுபடி கழற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பது இரண்டாவது யோசனை. பார்க்க இதமானது, கழற்றி மாட்ட எதுவும் இல்லை. ஆனால் லேயில் அதே பலனுக்கு, வழக்கமான 30 மில்லிபார் அழுத்தத்தை 19 வரை இறக்க வேண்டும். அதே குழாயில் அடுப்பும் கேஸில் ஓடும் பிரிட்ஜும் இருந்தால் அவையும் சேர்ந்து திணறும். வேகம் குறைந்த கேஸ், தன்னோடு இழுத்துச் செல்லும் காற்றையும் குறைத்துவிடுகிறது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளேயே எரிந்து புகையையும் உள்ளேயே விடும் சிறிய கேஸ் ஹீட்டர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைக்கும் உணரி (சென்சார்) இருப்பவை சுமார் 7,000 அடிக்கு மேல் அணைந்துவிடக்கூடும் என்று அவற்றின் குறிப்பேடே சொல்கிறது. ஊட்டி 7,350 அடி. உணரி இல்லாதவற்றைத் தூங்கும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது.

மிஞ்சுவது டீசல் ஹீட்டர். உயர உணரி உள்ள வகை காற்றழுத்தத்தை அளந்து, பம்ப் விடும் டீசலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏறி இறங்கும் வண்டிக்குத் தேவையான குணம் இதுதான். மலிவு விலை வகைகள் பலவற்றில் இந்த உணரி கிடையாது. இருந்தாலும் எத்தனை மீட்டர் வரை என்று பார்த்தே வாங்க வேண்டும். பம்ப் இரவெல்லாம் டிக் டிக் என்று தட்டும். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு பேட்டரியிலிருந்து 8, 10 ஆம்பியர் இழுக்கும். டிரெய்லருக்குத் தனி டீசல் தொட்டியும் வேண்டும். குறைந்த சூட்டிலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் இதிலும் கரி சேரும். அணைப்பதற்கு முன் சற்று நேரம் முழுவேகத்தில் எரிய விடுவது நல்லது.

எந்த ஹீட்டராக இருந்தாலும் உயரத்தில் சூடு குறையும். கடல்மட்டத்தில் 2 கிலோவாட் தருவது, சரியாகத் திருத்தப்பட்டாலும், லேயில் 1.3 கிலோவாட்தான் தரும். குளிர் கூடும் இடத்தில் சூடு குறைவதால் வாங்கும்போதே ஒரு படி பெரியதாக எடுக்க வேண்டும்.

என் தேர்வு பயணத்தைப் பொறுத்தது. வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை வரைதான் என்றால் நல்ல கம்பளியும் சுவருக்குள் வெப்பத்தடுப்பும் போதும். ஹீட்டரே வீண் செலவு. ஊட்டிக்கு அடிக்கடி போகிறவர், இருக்கும் கேஸ் ஹீட்டரின் குறிப்பேட்டில் அந்த உயரம் அனுமதிக்கப்பட்டிருந்தால் ஜெட்டைத் தொடாமல், புகைவாயிலைப் பார்த்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிக்கொண்டு ஓட்டலாம். லடாக் போகிறவர் உயர உணரியுள்ள டீசலுக்கு மாறுவதே சரி.

அங்கே கேஸுக்கு இன்னொரு பகையும் உண்டு. நம் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி; அதற்குக் கீழான குளிரில் அது ஆவியாகி வெளியே வராது. சிலிண்டரில் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாக, அடியில் பியூட்டேன் தங்கும். விடியற்காலைக் குளிரில் பாதி சிலிண்டர் இருந்தும் சுடர் படுத்துவிட்டால், ஜெட்டைச் சந்தேகிப்பதற்கு முன் இதைச் சந்தேகியுங்கள். டீசலும் குளிரில் மெழுகாக உறையும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. கோவையில் நிரப்பிய டீசலை வழியிலேயே தீர்த்துவிட்டு, தொட்டியை அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.