பூக்கும் பருவத்தில் விற்கப்படும் துலிப் கிழங்குகள்: ஏமாந்தவரின் எச்சரிக்கை

வசந்த கால மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள், வெளியேறும் வாயிலுக்கு அருகில் துலிப் கிழங்குகளைப் பையில் கட்டி விற்பவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற வசந்தத்தில் 30 கிழங்குகள் கொண்ட ஒரு பையையும், நீல நிறப் பூக்கள் நிறைந்த ஓர் ஆர்க்கிட் தொட்டியையும் அப்படி ஓர் அரங்கில் வாங்கி, இரண்டிலும் ஏமாந்தேன். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும்; பூக்களின் மேல் எனக்கிருந்த ஆசையையே பிடித்துக்கொண்டு என்னை ஏமாற்றினார்கள் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

குளிர் விலகத் தொடங்கியதும் நகரப் பூங்காவுக்குப் போய்வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். முதலில் குரோக்கஸ் தரையை ஒட்டித் தலைகாட்டும். பின்னர் டாஃபோடில், அதையடுத்து மணம் பரப்பும் ஹயசின்த், கடைசியில் துலிப் என்று பாத்திகள் முறைவைத்துக்கொண்டு பூக்கும். துலிப் மலரை நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். வெயிலின் சூட்டில் ஆறு இதழ்களும் மலர்ந்து, அடியில் ஒளிந்திருக்கும் கரும்பொட்டும் ஆறு மகரந்தத் தாள்களும் வெளியே தெரியும். காற்று குளிர்ந்ததும் அதே பூ மீண்டும் முட்டை வடிவில் கூம்பிக்கொள்ளும். இந்தக் காட்சியை என் வீட்டுத் தொட்டியிலும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அன்று கண்காட்சிக்குள் நுழைந்தேன்.

காட்சி அரங்குகளைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொரு வகைக்கும் பெயர்ப்பலகை இருந்தது, வளர்த்தவர்கள் அருகில் நின்று கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னார்கள். விற்பனை அரங்குகளின் வரிசை வேறு விதமாக இருந்தது. நான் நின்ற அரங்கில், பூத்த துலிப் தொட்டிகளுக்கு நடுவே கிழங்குப் பைகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் நல்ல நீல நிறத் துலிப்பின் படத்தை ஒட்டியிருந்தார்கள். வகையின் பெயரோ, கிழங்கின் அளவோ, தோண்டியெடுத்த பருவமோ எதுவும் அதில் இல்லை. நான் தயங்குவதைக் கண்ட விற்பனையாளர், “இன்றைக்கே நட்டுவிடுங்கள், ஒரே மாதத்தில் பூத்துவிடும், ஆண்டுதோறும் தானாகவே வந்துகொண்டிருக்கும்” என்றார். சுற்றிலும் பூத்துக் குலுங்கிய தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் அந்தப் பேச்சை நம்பிவிட்டேன்.

ஏழு வாரங்கள் கழிந்தும் ஒரு மொட்டுகூட வரவில்லை. 30 கிழங்குகளில் ஒன்பது மட்டும் முளைத்து, ஒவ்வொன்றும் ஒரேயோர் அகன்ற இலையை விட்டதோடு நின்றுவிட்டன. மற்றவற்றைத் தோண்டிப் பார்த்தபோது சில விரலால் தொட்டதும் நசுங்கின; சில பழுப்புத் தோலுக்குள் ஒன்றுமில்லாமல் சக்கையாக இருந்தன; சிலவற்றில் நீலப்பச்சைப் பூஞ்சணம் அடிப்பகுதி வரை இறங்கியிருந்தது.

நான் எப்போதும் போகும் பூங்காவின் மூத்த தோட்டக்காரரிடம் அவற்றை ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அதன் அடித்தட்டை, அதாவது வேர் கிளம்பும் வட்டமான பகுதியை, அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. முளைத்திருந்த கிழங்கு ஒன்றைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தபோது சுற்றளவு ஏழு சென்டிமீட்டர்தான் இருந்தது. நல்ல துலிப் கிழங்கை 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்று தரம் பிரித்து விற்பார்கள் என்றும், ஒற்றை இலை விடும் கிழங்கு அந்த ஆண்டு பூக்காது என்றும் அவர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “பூ பாத்தியில் நிற்கும்போது கிழங்கும் மண்ணுக்குள்தானே இருக்க வேண்டும்? இது எங்கிருந்து காய்ந்துபோய்க் கடைக்கு வந்தது என்று கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. துலிப், டாஃபோடில், ஹயசின்த், குரோக்கஸ் ஆகியவற்றின் கிழங்குகளை நட வேண்டிய காலம் இலையுதிர் பருவம். மண்ணுக்குள் அவை வேர்விட்டு, துலிப்பைப் பொறுத்தவரை ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் பத்து டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில் இருந்த பிறகே தண்டு நீண்டு பூவைத் தூக்கி நிறுத்தும். குளிர் போதாவிட்டால் பூ இலைகளுக்கிடையே குள்ளமாகச் சிக்கிக்கொள்ளும், அல்லது மொட்டிலேயே கருகிவிடும். பூத்து முடிந்து, இலை மஞ்சளாகிக் காய்ந்த பின்னரே அடுத்த ஆண்டுக்கான கிழங்கு முதிர்ந்து, கோடைத் தொடக்கத்தில் தோண்டப்படும். ஆகவே பூக்கும் பருவத்தில் காய்ந்த கிழங்காக விற்பனைக்கு வருவது, பெரும்பாலும் சென்ற இலையுதிர் காலத்தில் விலைபோகாமல் தங்கிய சரக்காகவோ, குளிர்ப்பதன அறையில் வைத்து முன்கூட்டியே பூக்கவைத்த பின் ஒதுக்கிய, சத்து தீர்ந்த கிழங்காகவோதான் இருக்கும். வசந்தத்தில் நடுவதற்கென்று விற்கப்படும் டாலியா, கிளாடியோலஸ், பிகோனியா போன்ற கோடைக் கிழங்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றை அப்போது வாங்குவதே முறை.

ஆண்டுதோறும் தானாக வரும் என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. சில காட்டுவகைத் துலிப்புகள் நல்ல இடம் கிடைத்தால் பல ஆண்டுகள் திரும்பி வருவதுண்டு. பாத்திகளில் நாம் வியந்து பார்க்கும் பெரிய பூ வகைகள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலேயே சிறுத்துவிடும் என்பதால், பல நகரப் பூங்காக்கள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதிய கிழங்குகளையே நடுகின்றன. நெதர்லாந்தில் 32 ஹெக்டேர் பரப்பில் உள்ள கோய்கன்ஹோஃப் தோட்டத்தில்கூட, ஏறத்தாழ எட்டு வாரக் காட்சிக்காக ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைப் புதிதாக நடுகிறார்கள்.

நீல நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான நீலத்தில் துலிப் கிடையாது. பெயரில் நீலம் என்று இருப்பவையெல்லாம் ஊதாவும் கத்தரிப்பூ நிறமும்தான். ரோஜாவின் கதையும் இதுவே: பான்சி மலரின் மரபணுவைச் சேர்த்துப் பல ஆண்டுகள் உழைத்து ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2004இல் அறிவித்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல ரோஜா’வைப் பார்த்தவர்கள் அதை வெளிர் ஊதா என்றுதான் சொல்வார்கள். நான் வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் பூந்தண்டைப் பிறகு உற்றுப் பார்த்தபோது, கீழிருந்து இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே மெழுகு வைத்து அடைத்த ஒரு சிறு துளை இருந்தது. அதைச் சுற்றித் தண்டின் பச்சை மையாகக் கறுத்திருந்தது. வெள்ளைப் பூ விடும் செடியின் தண்டுக்குள் சாயத்தை ஏற்றி நீலமாக்கும் முறை அது. சாயம் ஏற்றியது என்று சொல்லி விற்பவர் மேல் எனக்குக் குறையில்லை. அரிய இயற்கை வகை என்று சொல்லி விற்றதைத்தான் மோசடி என்கிறேன்.

இவையெல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. அந்தப் பையில் துலிப் மட்டும் இருக்கவில்லை. டாஃபோடில் கிழங்குகளும் கலந்திருந்ததைத் தோட்டக்காரர் பிரித்துக் காட்டினார். டாஃபோடில் கிழங்கு பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும். அதில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், தெரியாமல் தின்றவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இப்படியொரு பையை எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்து அனுப்புவதை மன்னிக்க முடியவில்லை.

கண்காட்சி நடத்தியவர்களுக்குப் படங்களுடன் இரண்டு முறை எழுதினேன். அரங்குகளை வாடகைக்கு விடுவதோடு தங்கள் பொறுப்பு முடிகிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் கையிலிருந்த ரசீதில் தொகையும் தேதியும் மட்டுமே இருந்தன. விற்றவரின் பெயரோ அரங்கு எண்ணோ இல்லாததால் அதற்கு மேல் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. ஆகையால் கண்காட்சியில் எதை வாங்கினாலும், அரங்கின் பெயரையும் செடியின் வகைப் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கிழங்கைக் கையில் எடுத்து அடித்தட்டை அழுத்திப் பார்க்கவிடாமல் பையை ஒட்டியே வைத்திருப்பவரிடமும் வாங்க வேண்டாம். பூத்த துலிப் தொட்டியை அந்தப் பருவத்து அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. மொட்டு இன்னும் பச்சையாக, நுனியில் மட்டும் நிறம் ஏறியிருப்பதாகப் பார்த்து எடுத்தால் வீட்டில் கூடுதல் நாட்கள் நிற்கும்.

துலிப் கிழங்குகளை இந்த முறை இலையுதிர் காலத்திலேயே, அளவும் வகைப் பெயரும் அச்சிட்டிருந்த பையில் வாங்கி, கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் நட்டேன். இப்போது தொட்டியில் மொட்டுகள் தெரிகின்றன. ஆர்க்கிட்டும் சென்ற வாரம் புதிய தண்டில் பூத்தது. ஐந்து பூக்களும் தூய வெள்ளை.