விளையாட்டுக்குள் ஒரு வீடு: தெருவில் காணியா, தனி வாசலா?

மட்டக்களப்புப் பக்கம் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. அக்காவுக்கு வீடு எழும்பாமல் தம்பி தன் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டான். உறுதி அவள் பேரில் எழுதப்படும். அவன் போய் இருப்பது மனைவியின் வீட்டில். கல்லடியில் அக்காவின் வீட்டுக்கு நானும் கல்லும் மண்ணும் சுமந்தவன். அந்த வளவில் ஒரு கல்கூட என் பேரில் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் என் பேரில் முதன்முதலில் ஒரு வீடு கிடைத்தது, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பலர் சேர்ந்து ஆடும் ஒன்லைன் ரோல் பிளேயிங் விளையாட்டு ஒன்றுக்குள்தான். அதனால், "சண்டை பிடிக்கத்தானே போகிறோம், ரோல் பிளேயிங் கேமுக்குள் வீடு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதோ தயார். வீடு வேண்டும். எந்த மாதிரி வீடு என்பதில்தான் பேச இடமிருக்கிறது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோரும் நடந்து போகும் தெருவில் எண்ணி வைத்த காணிகள். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். ஒரு குடியிருப்பு வட்டாரத்தில் 60 காணிகள், நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான். மற்றது, கதவைத் திறந்தால் உங்களுக்கென்று தனியாகத் திறக்கும் வீடு. ஒரே வாசலால் ஆயிரம் பேர் போனாலும் அவரவர் வீட்டுக்குள்தான் போவார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன் என்ற விளையாட்டு 2017 பெப்ரவரியில் கொண்டுவந்தது இந்த வகையை. நான் இரண்டாவது பக்கம். காரணமும் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டுக்கு என்ன நடக்கிறது?

அழகு, தளபாடம், தோட்டம் என்று பார்த்தால் இரண்டிலும் குறைவில்லை. அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14இல் காணி கிடைப்பதே பெரும்பாடு. 2022 ஏப்ரலில் இருந்து அதற்குச் சீட்டிழுப்பு முறை. ஐந்து நாள் பெயர் கொடுக்கலாம், பிறகு முடிவு வரும். சரி, அதிர்ஷ்டம் அடித்து வீடு கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். உரிமையாளர் 45 நாள் அந்த வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் வீடு தானாக இடிக்கப்படும். அதன் பிறகு 35 நாளுக்குள் போய்க் கேட்டால் காணி விலையில் 80 வீதமும் தளபாடங்களில் மீட்கக்கூடியவையும் திரும்பக் கிடைக்கும். அதையும் தவறவிட்டால் ஒன்றுமில்லை. இதில் அநியாயம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். காணி எண்ணிக்கை அளவானது, யாரும் வராத வீடுகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றால் புதிதாக வருபவன் எங்கே போவான்? 2020இல் கொரோனா பரவியபோது இந்த இடிப்பை அவர்களே நிறுத்தியும் வைத்தார்கள்.

ஆனால் 45 நாள் என்பது எங்கள் ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தாத கணக்கு. 2022இல் வேறொரு விளையாட்டில் எனக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. கிழமைக்குக் கிழமை வரி கட்ட வேண்டும். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. என் லப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது, அந்த நேரத்தில் விளையாட்டுக்குச் சந்தா கட்டக் கேட்க வாய் வருமா? மூன்று கிழமை வரி தவறியது. திரும்பப் போய்ப் பார்த்தபோது என் வீடு நின்ற இடத்தில் வேறு யாரோ வேலி போட்டிருந்தார்கள். கூட விளையாடியவர்கள் குடிபூருதலுக்குத் தந்த பொருட்களும் வீட்டோடு போயின. கரண்ட் வந்த ஒரு இரவில் அந்த வேலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். பிறகு அந்த விளையாட்டைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கட்டாருக்கோ சவூதிக்கோ ஆள் போகாத குடும்பம் அருமை. வீட்டுக்காரர் வெளியில் என்றால் பக்கத்து வளவு மாமி முற்றம் கூட்டுவார், பின்னேரம் விளக்கு வைப்பார். வீடு வெறுமையாகக் கிடப்பதை ஊர் விடாது. ஆள் இல்லை என்பதற்காக அது ஆளில்லாத வீடாகிவிடாது. 45 நாள் கணக்கு இதைக் காண்பதில்லை. தனியாள் வீடென்றால் உரிமையாளரே வர வேண்டும், சிநேகிதர் வந்து போவது கணக்கில் வராது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைனில் இப்படியொரு பயம் இல்லை. விளையாட்டை ஒருமுறை வாங்கினால் போதும், 2015இலிருந்து மாதச் சந்தா கட்டாயமில்லை. ஒரு சின்னப் பணியை முடித்தால் சத்திரத்தில் ஓர் அறை சும்மாவே கிடைக்கும். ஒரு கட்டிலும் நாலு சாமானும் வைத்தால் நிறைந்துவிடும் அறைதான். ஆனாலும் பராமரிப்பு வரி கிடையாது, இடிப்பு கிடையாது. ஒரு வருடம் கழித்து வந்தாலும் கட்டில் வைத்த இடத்திலேயே இருக்கும்.

என் மாமி மகன் தோஹாவுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு அதில் தன் வீட்டை அலங்கரிக்கும் அனுமதியை எனக்குத் தந்துவிட்டு, "நான் வரு மட்டும் வீட்டப் பாத்துக்கடா மச்சான்" என்றான். அங்கே அவன் இருந்த கேம்பில் முதல் மூன்று மாதம் வைஃபை சரியில்லை. அவன் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்குள் போக முடிந்தது. அந்த அனுமதியை வைத்துப் புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் வைக்க முடியாது, இருப்பதை நகர்த்தலாம். மூலையில் கிடந்த விளக்கை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவன் உள்ளே வந்ததும் முதல் கேட்டது, "விளக்க ஜன்னலுக்கிட்ட ஆருடா வெச்ச?" என்றுதான். இரண்டு பேரும் அன்று சண்டைக்கே போகவில்லை, விடிய மட்டும் அந்த அறைக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம்.

இதிலும் குறை இருக்கிறது. பெரிய மாளிகைகளில் சில விளையாட்டுக் காசுக்குக் கிடைக்காது, உண்மைப் பணம் கொடுக்க வேண்டும். எங்கள் ரூபாவுக்கு அதைப் பற்றி யோசிக்காமல் விடுவதே நல்லது. அதைவிடப் பெரிய குறை, அயல் இல்லாதது. தெருவில் காணி வைத்திருப்பவர் வாசலில் நின்றால் போகிற வருகிறவர் கை காட்டுவார். தனி வாசல் வீட்டுக்கு நீங்கள் கூப்பிடாமல் யாரும் வர மாட்டார்கள். தெரு முறையை விரும்புகிறவர்கள் இதைச் சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை, அது உண்மை.

விளையாட்டுக்குள் வீடு வந்தால், எல்லோரும் கூடும் அதன் நகரம் வெறிச்சோடும் என்பார்கள். 2014இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற விளையாட்டு ஆளுக்கொன்றாகத் தந்த கரிசன் என்ற கோட்டை வளவு அப்படித்தான் ஆனது. ஆனால் அதற்குள் சுரங்கமும் மூலிகைத் தோட்டமும் இருந்தன. வேலை எல்லாம் வளவுக்குள் முடிந்தால் சந்தைக்கு யார் போவார்? வீட்டை இருக்கவும் கூடவும் மட்டும் வைத்தால் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது என்று நினைக்கிறேன். அதே விளையாட்டு மிட்நைட் பதிப்போடு கொண்டுவந்த வீடுகளுக்குச் சீட்டிழுப்பு வேண்டாம், சந்தா நின்றாலும் வீடு பறிபோகாது என்று அறிவித்தார்கள். அதோடு அயலவர் உள்ள தெருவும் உண்டு. இரண்டையும் சேர்த்த வழி இதுவாக இருக்கலாம். நான் அதில் வீடு எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்வது சரியில்லை.

ஃபைனல் ஃபேன்டஸியைத்தான் விளையாடுவேன் என்பவர்களுக்கு ஒன்று. நானும் அதில் இடையிடையே ஒரு மாதச் சந்தா போட்டு விளையாடுகிறேன். காணிக்குப் பெயர் கொடுக்கவில்லை. அந்த விளையாட்டுக் காசில் 5,00,000 கில் கொடுத்து மாடிக் குடியிருப்பில் ஓர் அறை எடுத்தேன். முற்றம் இல்லை, செடி நட இடமில்லை. ஆனால் 45 நாள் கணக்கு அந்த அறைக்குக் கிடையாது. வெளிநாட்டுக்குப் பயணம் இருப்பவர்களும், மாரியில் லைன் அறுந்தால் கிழமைக்கணக்கில் இணையம் வராத இடத்தில் இருப்பவர்களும் அதையே எடுங்கள்.