எவரெஸ்ட் காலவரிசையும் கும்பகோணத்து அச்சுக்கடையும்: ஒரு மதிப்புரை

1924-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தில் உச்சியை நோக்கிப் போன மலோரியும் இர்வினும் திரும்பவில்லை; அவர்கள் உச்சியை எட்டினார்களா என்பது இன்றும் தெரியாது. எங்கள் பள்ளியின் புவியியல் அறைச் சுவருக்காக, அந்தப் பயணத்தில் ஜூன் 1 முதல் 10 வரை யார் எந்த நேரத்தில் எந்த உயரத்தில் இருந்தார்கள் என்பதைக் காட்டும் காலவரிசைப் படம் ஒன்றை வரைந்து, கும்பகோணம் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் அச்சுக்கடையில் கொடுத்திருந்தேன். கல்யாண பேனரும் காதணி விழா பேனரும்தான் அவர்களுக்கு அன்றாட வேலை. குறை சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நிறை. பிளக்ஸ் வேண்டாம், துணியில் வேண்டும் என்றதும் முகம் சுளிக்காமல் மூன்று வகை கேன்வாஸை எடுத்து விரித்துக் காட்டினார்கள். பன்னிரண்டடி நீளம், மூன்றடி உயரம். ஏழாயிரம் மீட்டரை ஒட்டிய வடக்குக் கணவாய் முகாமில் தொடங்கி 8,848 மீட்டர் உச்சி வரை மெல்ல வெளிறிக்கொண்டே போகும் நீலம், எங்கும் பட்டை பட்டையாகப் பிரியாமல் சீராக விழுந்திருக்கிறது. ஜூன் 4 அன்று பயணத் தலைவர் நார்ட்டன் ஆக்சிஜன் புட்டி இல்லாமலேயே 8,573 மீட்டர் வரை ஏறித் திரும்பினார். உச்சிக்கு மீதம் இருந்தது 275 மீட்டர். மேட்டையே பார்க்காத டெல்டாப் பிள்ளைகளுக்கு அந்த மீதத்தை உணர்த்துவதற்காகத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கி வரைந்திருந்தேன். கட்டைவிரல் நகம் அளவே உள்ள அந்த விமானங்களில் கலசம் கூடத் தனியாகத் தெரிகிறது.

இனி குறை. நான் கொடுத்த யூனிகோட் எழுத்தைக் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் கொம்புகளும் கால்களும் இடம் மாறிவிட்டதால், முழுவதையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பது பாராட்டத்தக்கதே. ஆனால் தட்டச்சு செய்த தம்பி, பிழை என்று தமக்குப் பட்டதையும் சேர்த்துத் திருத்திவிட்டார். ஜூன் 7 அன்று கடைசி முகாமான ஆறாம் முகாமிலிருந்து படப்பிடிப்பாளர் நோயலுக்கு அனுப்பிய துண்டுச்சீட்டில், மறுநாள் தங்களை எந்த நேரத்திலிருந்து தேடிப் பார்க்கலாம் என்பதை மலோரி 'இரவு 8' என்றே எழுதியிருந்தார். காலை என்பதற்குப் பதிலாகக் கை தவறி எழுதிவிட்டார் என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். இருந்தாலும் காலவரிசையை மீட்டெடுப்பவர் சீட்டில் உள்ளதை உள்ளபடி வைத்து, விளக்கத்தைப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அச்சில் 'காலை 8' என்று மட்டுமே வந்திருந்தது.

அதைவிடப் பெரிய சேதம் கோடுகளில். ஒருவர் கண்ணால் கண்டதற்கு அல்லது அந்நாட்களிலேயே எழுதிவைத்ததற்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு என்பதே படத்தின் அடிப்படை. நார்ட்டனுக்கும் அவரோடு ஏறிய சாமர்வெல்லுக்கும் (நம் குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய அதே சாமர்வெல்தான்) ஏறியது முதல் இறங்கியது வரை முழுக்கோடு உண்டு. மலோரிக்கும் இர்வினுக்கும் ஆறாம் முகாமோடு முழுக்கோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இருப்பது ஒரே ஒரு சாட்சியம்: ஜூன் 8 பிற்பகல் 12.50-க்கு மேகம் விலகிய சிறிது நேரத்தில் குழுவின் மற்றொருவரான ஓடெல் கண்ட இரண்டு உருவங்கள். அவர்கள் நின்றது, உச்சிக்குப் போகும் முகட்டில் படி போல நிற்கும் செங்குத்துப் பாறைகளில் மேலே உள்ள இரண்டாம் பாறைப்படி என்று முதலில் சொன்ன ஓடெல், பின்னாளில் முதற்படியாகவும் இருக்கலாம் என்று தயங்கினார். எனவே அந்த நேரத்தில் புள்ளி வைக்காமல் செங்குத்துப் பட்டை வைத்து, அதிலிருந்து இரண்டு புள்ளிக்கோடுகளைப் பிரித்திருந்தேன்: உச்சியை எட்டியிருந்தால் மேல்கிளை, எட்டாமல் திரும்பியிருந்தால் கீழ்க்கிளை.

1933-இல் சுமார் 8,460 மீட்டரில் கிடைத்த பனிக்கோடரிக்கும், 1999 மே 1 அன்று 8,155 மீட்டரில் கண்டெடுக்கப்பட்ட மலோரியின் உடலுக்கும் உயரம் உண்டு, மணி கிடையாது. பனியின் கூசும் வெளிச்சத்துக்காகப் பகலில் அணியும் கண்ணாடி சட்டைப்பையில் இருந்ததை வைத்து இருட்டிய பிறகு விழுந்திருப்பார் என்பார்கள். மாற்றுக் கண்ணாடியாகவும் இருந்திருக்கலாமே. ஆகவே இரண்டையும் நேர அச்சில் ஏற்றாமல் வலது ஓரத்தில் உயரக் குறிகளாக மட்டும் விட்டிருந்தேன்.

அச்சாகி வந்த துணியில் மேல்கிளை மட்டும் தடித்த முழுக்கோடாக உச்சி வரை ஏறி, அங்கிருந்து கோடரி வழியாக உடல் வரை அழகாக இறங்கியிருந்தது. நூறாண்டு வழக்கு ஒரே சொடுக்கில் தீர்ந்துவிட்டது! கேட்டதற்கு, "தூரத்துல இருந்து பார்த்தா விட்டுவிட்டுத் தெரியும் சார், நல்லா இருக்காதுன்னு சேர்த்துட்டேன்" என்றார் தம்பி. கல்யாண பேனரில் அது நல்ல கைத்திறன்தான். என் மீதும் தவறு உண்டு; வாட்ஸ்அப்பில் வந்த ப்ரூஃபைக் கைப்பேசியில் மேலோட்டமாகப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான்தான்.

உரிமையாளர் வாதம் செய்யவில்லை. துணிக்கான பணத்தை மட்டும் பெற்றுக்கொண்டு மறுபடி அடித்துத் தந்தார். வைகாசி முகூர்த்த நெருக்கடியில் மூன்று நாள் தாமதமானது. இரண்டாவது அச்சில் புள்ளிகள் புள்ளிகளாகவே இருக்கின்றன, சீட்டின் 'இரவு 8' தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது, நான்கு ஓரமும் மடித்துத் தைத்து வளையம் அடித்திருக்கிறார்கள்.

வரைபடம், அட்டவணை போன்றவற்றை அச்சிட நினைப்பவர்கள் தாராளமாக இங்கே கொடுக்கலாம். கோப்பைப் பிடிஎஃப்பாக, எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிக் கொடுங்கள். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ப்ரூஃபைக் கடைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். சுருட்டித் தரும் அட்டைக்குழாய்க்குத் தனிக்காசு.