மிஷன் பள்ளியா, கான்வென்ட் மெட்ரிக்கா: பிள்ளைக்குப் பதினெட்டு வயதானபின் தெரியும் வித்தியாசம்

கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தால் ஒழுக்கம் வரும், இங்கிலீஷ் வரும் என்று நம்பித்தான் பெரும்பாலான பெற்றோர் விண்ணப்பம் வாங்குகிறார்கள். எந்த வகைக் கிறிஸ்தவப் பள்ளி என்று விசாரிப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் பொதுவாக மூன்று வகை உண்டு. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவு ஒன்று. அதே காம்பவுண்டுக்குள் நிர்வாகம் கட்டணம் வாங்கி நடத்தும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இன்னொன்று. திருச்சபை நிர்வாகங்களான திருமண்டலமோ மறைமாவட்டமோ, துறவற சபையோ தனியாக நடத்தும் மெட்ரிக் பள்ளி மூன்றாவது. காலை ஜெபம், கிறிஸ்துமஸ் விழா, மணி அடித்ததும் வரிசை எல்லாம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாடத்திட்டமும் 2011-இல் சமச்சீர் கல்வி வந்தபின் ஒன்றே. பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு எடுக்கும் கட்-ஆஃபும் ஒரே கணக்குதான். ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்ததும் மூன்றும் பிள்ளையை வேறு வேறு பக்கம் கொண்டுபோகும்.

கல்லூரிக் காலத்தில் கைக்கு வரும் காசை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 12 வரை உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவன் கல்லூரியில் சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது. பிறகுதான் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளுக்கும் விரிந்தது. மூன்று வருட டிகிரிக்கு 36,000, நான்கு வருடப் படிப்புக்கு 48,000 என்று ஆகும். பக்கத்துக் கட்டடத்தில் சுயநிதிப் பிரிவில் படித்தவளுக்கு இது கிடையாது. பதினொன்றாம் வகுப்பு சைக்கிளும் அப்படியே. "ஒரே ஸ்கூல்தானே" என்று பின்னால் அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை.

பெரிய வித்தியாசம் அரசு வேலையில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பி.எஸ்.டி.எம். என்று தேர்வர்கள் சொல்வது இதைத்தான். குரூப் 4-க்கு 1 முதல் 10 வரை தமிழ்வழி, குரூப் 1-க்கு 1 முதல் பட்டம் வரை. இந்த "1 முதல்" என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப் பக்கத்து நர்சரி பிரைமரி, ஆறாம் வகுப்பில் பேர்பெற்ற மிஷன் பள்ளியில் தமிழ்வழி என்று பிள்ளையை மாற்றிச் சேர்க்கும் வழக்கம் திருநெல்வேலியிலிருந்து திருச்சி வரை உண்டு. அந்த ஐந்து வருட ஆங்கிலவழி போதும், முன்னுரிமை போய்விடும். சான்றிதழும் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் தனித்தனியாக வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி இதற்குள் மூடப்பட்டிருந்தால் கல்வி அலுவலகத்துக்கு அலைச்சல். ஆகவே டி.சி. வாங்கும் அன்றைக்கே அதிலுள்ள கட்டத்தைப் பாருங்கள்: கல்வி ஆண்டு, வகுப்பு, முதல் மொழி, பயிற்று மொழி. கடைசிக் கட்டத்தில் தவறு இருந்தால் பதிவேடு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம்.

உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு பெரிய பள்ளம் உண்டு. மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளியில் அதே ஏழைப் பிள்ளை படித்தாலும் சேராது. நீட்தான் குறி, வீட்டில் வசதியில்லை என்றால் உதவிபெறும் மிஷன் பள்ளியைவிட அரசுப் பள்ளியே லாபம். கசப்பாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் கான்வென்டில் சேர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

மெட்ரிக் பள்ளி கொடுப்பது பேச்சு. அசெம்பிளியில் முறை வைத்து மேடையேற்றுவது, ஹவுஸ், பாடகர் குழு, ஆங்கிலத்தில் அறிவிப்பு என்று பத்து வருடம் பழகியவன் இன்டர்வியூவில் வாய் திறக்கத் தயங்குவதில்லை. ஐ.டி., வெளிநாட்டுப் படிப்பு என்று போகிறவர்களுக்கு இது பெரிய பலம். தமிழ்வழிப் பிரிவில் அறுபது பேர் இருக்கும் வகுப்பில் மேடை ஐந்தாறு பேருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் கல்லூரி முதல் வருடத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவார்கள். மறுபக்கம், பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவன் டி.என்.பி.எஸ்.சி. பக்கம் திரும்பினால் கட்டாயத் தமிழ்த்தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனாலும் அதில் சறுக்கினால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நடுவிலுள்ள சுயநிதிப் பிரிவுதான் எங்கள் பார்வையில் மோசமான பேரம். பல இடங்களில் குறைந்த சம்பளத்தில் ஆசிரியர்கள் வந்து வந்து போகிறார்கள். மெட்ரிக்கின் பேச்சுப் பயிற்சியும் இல்லை, தமிழ்வழியின் சலுகையும் இல்லை. பள்ளியின் பழைய பேருக்குத்தான் அந்தக் கட்டணம்.

(ஆண்டுவிழாவில் கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் படித்ததைச் சொல்லாமல் யாரும் மைக்கை விடுவதில்லை. உண்மைதான். ஆனால் இன்றைக்கு எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.)

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தைவிட விண்ணப்பத்தின் மதக் கட்டத்தைப் பற்றிய கவனம் முக்கியம். அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவின்படி பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்காரவைக்க முடியாது. வழக்கத்திலும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்துவிடுவார்கள். ஜெபத்தில் நின்றதால் யாருடைய சாதிச் சான்றிதழும் மாறாது. ஆனால் பட்டியல் சாதிக் குடும்பம் விடுதி இடத்துக்காகவோ கட்டணச் சலுகைக்காகவோ "கிறிஸ்தவர்" என்று எழுதிவிட்டால் கதை வேறு. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே எஸ்.சி.; கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார். பின்னாளில் தாலுகா அலுவலகத்தில் டி.சி.யிலுள்ள அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களும் ஒன்றைக் குழப்பிக்கொள்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் திருச்சபை பரிந்துரைத்துக் கிடைக்கும் இடமோ, கிறிஸ்தவக் கல்லூரிகளின் சிறுபான்மை இடமோ, கிறிஸ்தவப் பள்ளியில் படித்ததற்காகக் கிடைப்பதல்ல. ஞானஸ்நானச் சான்று, பங்குத்தந்தை அல்லது ஆயர் கடிதம், சபை உறுப்பினர் பதிவு ஆகியவைதான் அங்கே செல்லும். அரசுப் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. சி.எம்.சி. பரிந்துரையில் சேர்ந்தால் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷன் மருத்துவமனைப் பணி உண்டு என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.