இறால் படம் போட எத்தனை வழி?

எங்கள் கொம்யூனிகேஷன் கடைக்குக் காலையில் முதல் ஆளாக வருகிறவர் ஒரு மீன் வியாபாரி அண்ணை. அன்றைக்கு என்ன மீன், கிலோ என்ன விலை என்று துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வருவார். நான் அதைக் கணினியில் அடித்து அவருடைய வட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட வேண்டும். "தம்பி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால அந்தப் படத்தைப் போடு. வாசிக்கத் தெரியாத ஆக்களும் பார்த்து வாங்கட்டும்" என்பார். படம் என்றால் இமோஜி. போனில் இது ஒரு வேலையே இல்லை. கணினியில்தான் இழுக்கும். அண்ணை போன பிறகு நிலாவெளி விடுதிக்காரரின் அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வரிசையாக வரும். திருகோணமலையில் இருந்துகொண்டு திமிங்கிலமும் மானும் போடாமல் ஒரு விளம்பரம் முடியாது. அதனால் எல்லா வழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் செய்வது கொப்பி பண்ணி ஒட்டுவது. கூகுளில் தேடி, எமோஜிபீடியா போன்ற தளத்துக்குப் போய், படத்தைக் கொப்பி எடுத்து, திரும்பி வந்து ஒட்டுவது. ஒரு படத்துக்கு இது பரவாயில்லை. நாலு படம் என்றால் நாலு தரம் போய் வர வேண்டும், நடுவில் விலைப்பட்டியலில் எந்த வரியில் நின்றேன் என்பதே மறந்துவிடும். ஆனாலும் இந்த வழியை நான் கைவிடவில்லை. இமோஜி பேனல் இல்லாத பழைய விண்டோஸ் 7 கணினியில் வேறு போக்கில்லை. அப்புறம், ஒரு படத்துக்கு என்ன பெயர் என்றே தெரியாதபோது கண்ணால் பார்த்து எடுக்க இந்தத் தளங்கள்தான் வசதி.

அடுத்தது விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியைச் சேர்த்து அழுத்துவது. 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இது இருக்கிறது, ஆனால் கடைக்கு வருகிற பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் பெரிய விஷயம். இமோஜி பேனல் என்ற ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பெயரை அடித்து என்டர் தட்டினால் படம் விழும். மவுஸைத் தொடத் தேவையில்லை. கடைசியாகப் பயன்படுத்திய படங்கள் முன்னாலேயே நிற்கும். பெட்டியும் தானாக மூடாது, எஸ்கேப் அழுத்தும்வரை நண்டு, இறால், கணவாய் என்று அடுக்கலாம்.

சிக்கல் பெயரில்தான். தமிழ் விசைப்பலகையில் இருந்தால் ஆங்கிலப் பெயரை அடிக்க முடியாது. முதலில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். அதுவும் எந்த ஆங்கிலம்? நாங்கள் 'ப்ரோன்' என்று சொல்லிப் பழகியவர்கள், எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அதற்கு வைத்த பெயர் 'ஷ்ரிம்ப்'. கத்தரிக்காய்க்கு எங்கள் 'பிரிஞ்சால்' செல்லாது, 'எக்பிளான்ட்' என்று தேட வேண்டும். கும்பிடும் கைக்கு 'ஃபோல்டட்'. பத்துப் பன்னிரண்டு பெயர்களை ஒரு தாளில் எழுதி மொனிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் கடன் கணக்கு என்று நினைக்கிறார்கள்.

இன்னொன்று, இந்தப் பெட்டியில் நாட்டுக் கொடிகள் கிடையாது. வெளியிலிருந்து இலங்கைக் கொடியைக் கொப்பி எடுத்து ஒட்டினாலும் விண்டோஸ் திரையில் எல், கே என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பயப்பட வேண்டாம், போனில் பார்ப்பவருக்குக் கொடியாகவே தெரியும். ஃபயர்பொக்ஸ் உலாவி இமோஜிக்குத் தன் சொந்த எழுத்துருவை வைத்திருப்பதால் கணினியிலும் அதற்குள் கொடி தெரியும். விடுதி விளம்பரம் அடிக்கும்போது நான் அதைத்தான் திறக்கிறேன்.

வேர்டில் ஒரு பழைய வித்தை இருக்கிறது. 2693 என்று அடித்து, உடனே ஆல்ட்டும் எக்ஸும் அழுத்திப் பாருங்கள். எண் போய் நங்கூரம் வந்து நிற்கும். துறைமுக ஊர்க்காரனுக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்தான். 2615 என்றால் ஆவி பறக்கும் கோப்பை. ஆனால் இறாலின் குறியீட்டை யார் நினைவில் வைத்திருப்பது? ஆளுக்கு வித்தை காட்ட நல்லது, வேலைக்கு உதவாது. வேர்டில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் அடித்தால் தானாகச் சிரிப்பு முகம் வருமே, அதிலும் கவனம். பழைய பதிப்புகளில் அது விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் உள்ள ஜே. அதில் எழுத்துகளுக்குப் பதில் சின்னப் படங்கள்தான் இருக்கும். அந்த எழுத்துரு போகாத இடத்தில் வெறும் ஜே என்ற எழுத்தாகத்தான் நிற்கும்.

வட்ஸ்அப் வெப்பில் மட்டும்தான் வேலை என்றால் இவ்வளவும் வேண்டாம். முக்காற்புள்ளி போட்டு ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளை அடித்தால் படங்கள் வரிசையாக வரும்.

சரி, என் கை இப்போது போவது எதற்கு? ஒட்டோஹொட்கீ என்ற இலவசச் செயலிக்கு. ஒரு நோட்பாட் கோப்பில் இப்படி வரிகளை எழுதி வைத்திருக்கிறேன்:

::001::🦐
::002::🦀
::003::🦑

001 அடித்து ஸ்பேஸ் தட்டினால் இறால். பெயர் வேண்டாம், மொழி மாற்ற வேண்டாம், பெட்டியும் திறக்க வேண்டாம். விலை 1001 என்று வந்தால் குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது, வேறு எழுத்தோ எண்ணோ ஒட்டிக்கொண்டு முன்னால் இருந்தால் அது வேலை செய்யாது. கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும், தவறினால் இறாலுக்குப் பதில் கேள்விக்குறி நீந்தும்.

சுருக்கத்துக்கு எண்ணைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இணையத்தில் இதைச் சொல்லித் தருகிறவர்கள் சுருக்கத்தை அரைப்புள்ளியில் தொடங்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதுவும் முன்னால் எழுத்து ஒட்டியிருந்தாலும் வேலை செய்யும்படி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கிறவனுக்கு அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி! ஒரு கல்யாண அழைப்பிதழின் நடுவே நண்டு ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. பாமினியில் அடித்ததை முகநூலுக்குக் கொண்டு போகிறவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு இமோஜி போடுங்கள்.

மெக் வைத்திருப்பவர்களுக்குக் கண்ட்ரோல், கொமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்து பெட்டியைத் திறக்கும். சுருக்கம் வைக்கும் வசதி கீபோட் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. லினக்ஸில் கேடிஈ என்ற டெஸ்க்டொப் என்றால் விண்டோஸ் போலவே அந்த விசையும் முற்றுப்புள்ளியும். எங்கள் கடையில் இரண்டும் இல்லை.

ஒரு சங்கதியை மட்டும் எந்த வழியாலும் மாற்ற முடியாது. நாங்கள் அனுப்புவது படத்தை அல்ல, அதன் எண்ணை. படத்தை வரைவது வாங்குகிறவரின் போன். அநேகமான போன்களில் இறால் செம்மஞ்சளும் சிவப்புமாகத்தான் இருக்கும். அண்ணை நேற்றுத் தன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது அவிச்ச இறால். நான் விக்கிறது பச்சை இறால்தானே?"